கெட் ந்தார்: கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே ஒரு மீனவர் குடியிருப்பு

கெட் ந்தார் என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் வடமேற்கு மூலையில், செயின்ட் லூயி நகரை ஒட்டி அமைந்துள்ள மீனவர் குடியிருப்பு ஆகும். ஒருபுறம் அட்லாண்டிக் பெருங்கடலும் மறுபுறம் செனகல் ஆறும் இருக்க, இடையில் உள்ள குறுகிய மணல்திட்டின் மீது சுமார் 25,000 மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலேயே மிகவும் நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களுள் இதுவும் ஒன்றாகக் கூறப்படுகிறது. செனகலின் மிகச் சிறந்த கடலோடிகள் இவ்வூரார் என்பது அந்நாட்டில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. அத்தகைய மக்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மீனையும், மீன்பிடிக்கும் கடற்பரப்பையும், இறுதியாகக் குடியிருக்கும் நிலத்தையும் ஒவ்வொன்றாக இழந்து வருகின்றனர். இந்த இழப்புகள் எவ்வாறு நேர்ந்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அமைவிடம்

செனகல் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் நேராகக் கடலில் கலப்பதில்லை. கடலலைகளும் கரையோர நீரோட்டமும் வடக்கிலிருந்து தெற்காகக் கொண்டுவந்து சேர்க்கும் மணல், ஆற்றின் வழியை மறித்து நீண்ட திட்டாக வளர்ந்துள்ளது. இதனால் ஆறு தெற்கே திரும்பி, கடலுக்கு இணையாகப் பல கிலோமீட்டர் ஓடிய பிறகே முகத்துவாரத்தை அடைகிறது. இந்த மணல்திட்டுக்கு 'லாங் த பார்பரி' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'லாங்' என்றால் நாக்கு. வரைபடத்தில் பார்த்தால் அது நீண்டு தொங்கும் நாக்கைப் போலவே தோன்றும்.

செயின்ட் லூயி நகரின் பழைய பகுதி ஆற்றின் நடுவே உள்ள ஒரு தீவில் இருக்கிறது. வொலோஃப் மொழியில் அத்தீவுக்கு 'ந்தார்' என்று பெயர். தீவுக்கு மேற்கே, ஆற்றின் சிறு கிளையைத் தாண்டினால் மணல்திட்டு வந்துவிடும். அங்குதான் கெட் ந்தார் உள்ளது. திட்டின் அகலம் சில நூறு மீட்டர்களே. ஒரு தெருவில் நின்றால் ஒரு முனையில் கடலையும் மறுமுனையில் ஆற்றையும் காணலாம். மொரிட்டானியா நாட்டின் எல்லை வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் தொடங்கிவிடுகிறது. இந்த அண்மைதான் பிற்காலத்தில் இவ்வூராருக்குப் பெருந்துன்பமாக அமைந்தது.

இக்கடல் ஏன் மீன்வளம் மிக்கது என்பதையும் அறிய வேண்டும். வடக்கிலிருந்து வீசும் காற்று கடலின் மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே எழும்புகிறது. அதில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ணச் சிறுமீன்களும், சிறுமீன்களை உண்ணப் பெருமீன்களும் கூடுகின்றன. உலகில் இவ்வாறு நீர் மேலெழும் பெரிய கடற்பரப்புகள் சிலவே உள்ளன. அவற்றுள் ஒன்று கேனரி நீரோட்டம் பாயும் இந்தப் பகுதி. இதை உள்ளூர் மக்கள் மட்டுமன்றி, தொலைதூர நாடுகளின் மீன்பிடிக் கப்பல்களும் அறிந்திருந்தன.

வரலாற்றுப் பின்னணி

1659ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் ந்தார் தீவில் ஒரு கோட்டையைக் கட்டி, அதற்குச் செயின்ட் லூயி என்று பெயரிட்டனர். ஆற்று வழியே வந்த கருவேலம் பிசின், தங்கம், தந்தம் ஆகியவற்றோடு அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டனர். இவ்வணிகத்தில் தமிழ் நிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. புதுச்சேரிப் பகுதியில் நெய்து அவுரிச் சாயம் ஏற்றிய நீலத்துணி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செயின்ட் லூயி வழியாக இறக்குமதியானது. பிசின் வாங்க அந்தத் துணியே செனகல் ஆற்றங்கரையில் நாணயம் போலப் பயன்பட்டது.

ஆற்றின் முகத்துவாரத்தில் மணல்மேடும் கொந்தளிக்கும் அலையும் இருந்ததால் பெருங்கப்பல்கள் எளிதில் உள்ளே வர இயலாது. அலையின் போக்கறிந்து படகுகளை உள்ளும் புறமும் கொண்டு செல்ல வல்லவர்கள் கெட் ந்தார் மீனவர்களே. ஆகவே குடியேற்ற ஆட்சியின் வணிகம் இவர்களுடைய துடுப்பை நம்பியிருந்தது. 1885இல் டக்கார் நகருக்கும் செயின்ட் லூயிக்கும் இடையே இருப்புப்பாதை போடப்பட்டதும் வணிகம் மெல்ல டக்கார் துறைமுகத்துக்குச் சென்றது. பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் தலைநகரமும் 1902இல் டக்காருக்கு மாற்றப்பட்டது. நகரம் மங்கிய பின்னும் மீனவர்கள் தங்கள் தொழிலால் நிலைத்தனர்.

இன்று அந்தத் தீவு நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2000ஆம் ஆண்டு முதல் இடம்பெற்றுள்ளது. சுற்றுலாப் பயணிகள் அங்குள்ள பழைய மாடிவீடுகளைப் பார்த்துச் செல்கின்றனர். பாலத்தைத் தாண்டினால் வரும் மீனவர் குடியிருப்பில் ஒரே வீட்டில் பல குடும்பங்கள் முறைவைத்து உறங்கும் நெருக்கடி நிலவுகிறது.

படகும் பங்கும்

இவ்வூர்ப் படகுக்குப் பிரெஞ்சில் 'பிரோக்' என்றும், வொலோஃப் மொழியில் 'கால்' என்றும் பெயர். அடிப்பகுதி குடைந்த மரத்தாலும், பக்கங்கள் பலகைகளாலும் ஆனவை. மேலே பல வண்ணங்களில் கோலமிட்டு, குடும்பப் பெரியோரின் பெயரையோ இசுலாமிய ஞானியரின் பெயரையோ எழுதுவது வழக்கம். ஊர் மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அதே வேளையில் ஆற்றைக் காக்கும் 'மாம் கும்ப பாங்' என்னும் நீர்த்தெய்வத்தைப் பற்றிய நம்பிக்கையும் செயின்ட் லூயி மக்களிடையே இன்றும் உண்டு. ஊரின் இடுகாட்டில் மீனவர்களின் கல்லறைகள் மீது பழைய மீன்வலைகளைப் போர்த்தி வைத்திருப்பதைக் காணலாம்.

வருமானப் பகிர்வு பங்கு முறையில் நடக்கிறது. மீன் விற்ற பணத்திலிருந்து எரிபொருள், பனிக்கட்டி, உணவு ஆகியவற்றின் செலவு முதலில் கழிக்கப்படும். மீதமுள்ளது பங்குகளாகப் பிரிக்கப்படும். ஆளுக்கொரு பங்கு போக, படகுக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் தனித்தனிப் பங்கு உண்டு. மீன் மிகுதியாகக் கிடைத்த காலத்தில் இந்த முறை அனைவருக்கும் நன்மை தந்தது. ஏனெனில் கூலி என்று எதுவும் இல்லை. இலாபத்தில் எல்லாருக்கும் உரிமை இருந்தது. மீன் குறைந்தபோது அதே முறை எதிராகத் திரும்பியது. செலவைக் கழித்தபின் பங்கிட ஒன்றும் மிஞ்சாத நாள்கள் பெருகின. அந்நாள்களில் இளைஞன் இரவெல்லாம் உழைத்தும் வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். படகு உரிமையாளரோ அடுத்த பயணத்தின் எரிபொருளுக்கு மீண்டும் வியாபாரியிடம் கடன் கேட்கிறார்.

இயந்திரமும் சுருக்குவலையும்

1950களில் செனகல் மீனவர்களுக்குப் படகின் பின்புறம் பொருத்தும் இயந்திரங்கள் அறிமுகமாயின. விடுதலைக்குப் பின் அரசு அவற்றுக்கு வரிச்சலுகையும் கடனும் அளித்தது. 1970களின் தொடக்கத்தில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவுடன் சுருக்குவலை பழக்கத்துக்கு வந்தது. ஒரு மீன்கூட்டத்தையே வளைத்துக் கீழ்ப்புறம் கயிற்றால் இறுக்கி எடுக்கும் இந்த வலையை நம் நாட்டு மீனவர்கள் சுருக்குமடி என்பர். இருபது பேர் வரை ஏறும் நீண்ட படகுகள் இதற்கெனக் கட்டப்பட்டன. சூடை இனத்தைச் சேர்ந்த சிறுமீன்கள் டன் கணக்கில் கரைக்கு வந்தன. வொலோஃப் மொழியில் 'யாபோய்' எனப்படும் இம்மீன் செனகலின் ஏழை மக்களுக்கு முதன்மையான புரத உணவாயிற்று.

இதே காலத்தில் சாஹேல் பகுதியைக் கடும் வறட்சி தாக்கியது. வேர்க்கடலை பயிரிட்டு வாழ்ந்த உழவர்கள் பலர் கடற்கரையை நாடி மீன்பிடிக்க வந்தனர். 1980களின் நடுப்பகுதியில் செனகலின் ஏற்றுமதி வருவாயில் மீன், வேர்க்கடலையை முந்தியது.

1994 ஜனவரியில் சி.எஃப்.ஏ. ஃபிராங்க் நாணயத்தின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டது. அதுவரை 50 சி.எஃப்.ஏ. ஃபிராங்குக்கு ஒரு பிரெஞ்சு ஃபிராங்க் கிடைத்தது. அதன் பிறகு 100 கொடுக்க வேண்டியதாயிற்று. இதனால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. முதலாவது, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் மீனுக்கு உள்நாட்டு நாணயத்தில் நல்ல விலை கிடைத்தது. இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து வாங்கும் இயந்திரம், வலை, உதிரிபாகம் ஆகியவற்றின் விலை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. உயர்ந்த செலவை ஈடுகட்ட மீனவர்கள் ஏற்றுமதி விலையுள்ள மீன்களையே நாடினர். 'தியோஃப்' எனப்படும் வெள்ளைக் கலவா மீன் அவற்றுள் தலையாயது. செனகலின் தேசிய உணவான 'தியெபுதியென்' என்னும் மீன்சோற்றில் ஒரு காலத்தில் இந்த மீனே இடம்பெற்றது. செயின்ட் லூயியில் தோன்றியதாகக் கருதப்படும் அவ்வுணவு 2021இல் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதற்குரிய மீன் சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. ஏழைகளின் தட்டில் கலவாவின் இடத்தை யாபோய் பிடித்தது.

வெளிநாட்டுக் கப்பல்கள்

கடல்வளம் குறைந்ததற்குச் சிறுபடகுகளின் பெருக்கம் மட்டுமே காரணம் அன்று. 1979இல் செனகல் அரசு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துடன் முதல் மீன்பிடி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பணம் பெற்றுக்கொண்டு ஐரோப்பிய இழுவைக் கப்பல்களைத் தன் கடலில் மீன்பிடிக்க அனுமதிப்பதே இதன் சாரம். கடன் சுமையில் இருந்த அரசுக்கு அந்தத் தொகை தேவைப்பட்டது. ஒப்பந்தம் பலமுறை புதுப்பிக்கப்பட்டு 2006இல் நின்றது. 2014இல் மீண்டும் தொடங்கியது. 2019இல் நீட்டிக்கப்பட்டு 2024 நவம்பரில் முடிவுக்கு வந்தது. இதற்கு வெளியே, செனகல் நாட்டுக் கொடியேற்றி உள்நாட்டு நிறுவனங்களின் பெயரில் இயங்கும் வெளிநாட்டவரின் கப்பல்களும் உள்ளன. உரிமமின்றி நுழைவனவும் உண்டு.

2012இல் பதவியேற்ற புதிய அரசு, முந்தைய ஆட்சி 29 வெளிநாட்டு இழுவைக் கப்பல்களுக்கு வழங்கியிருந்த உரிமங்களை நீக்கியது. மீனவர் சங்கங்களின் தொடர்ந்த போராட்டமே இதற்குக் காரணம். 2014 ஜனவரியில் ஒரு ரஷ்யக் கப்பலைச் செனகல் கடற்படை பிடித்துத் தண்டம் விதித்தது. 2015இல் வந்த புதிய மீன்வளச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. எனினும் பரந்த கடலைக் காவல் காக்கப் போதிய கப்பல்களும் ஆட்களும் இல்லாத நாட்டில் சட்டம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. இரவில் கரையோரம் வந்து சிறுபடகுகளின் வலைகளை அறுத்துச் செல்லும் கப்பல்களைப் பற்றிய புகார்கள் இன்றும் ஓயவில்லை. அறுந்த ஒரு வலை ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு என்பதை நினைத்தால் இதன் கடுமை விளங்கும்.

எல்லைச் சிக்கல்

கெட் ந்தார் மீனவர்களுக்கு வடக்கே உள்ள மொரிட்டானியக் கடல் அயற்கடல் அன்று. பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் வலைவிரித்த இடம். மொரிட்டானியாவில் இம்ராகுவன் என்ற சிறு குழுவினர் தவிரக் கடல் தொழில் தெரிந்தவர்கள் குறைவு. எனவே அந்நாட்டுத் தலைநகர் நுவாக்சோட்டின் கடற்கரையிலும் செனகல் மீனவர்களே பெருமளவில் உழைத்தனர்.

இந்நிலை இரண்டு காரணங்களால் மாறியது. ஒன்று, 1982இல் உருவான ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள வளம் அந்தந்த நாட்டுக்கே உரியது என்று அது வகுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு கடலில் விழுந்தது. மற்றொன்று, 1989 ஏப்ரலில் வெடித்த செனகல்-மொரிட்டானியா மோதல். மேய்ச்சல் நிலத் தகராறில் தொடங்கிய அது இரு நாடுகளிலும் படுகொலைகளாகவும் பெருந்திரளான வெளியேற்றங்களாகவும் மாறியது. மொரிட்டானியாவில் இருந்த கெட் ந்தார் மீனவர்கள் உடைமைகளை விட்டு ஓடிவர நேர்ந்தது. எல்லை 1992 வரை மூடிக் கிடந்தது.

பின்னர் உரிமம் பெற்று மீன்பிடிக்கும் முறை வந்தது. அது தடைபடும்போதெல்லாம் மீனவர்கள் திருட்டுத்தனமாக எல்லை தாண்டினர். மொரிட்டானியக் கடலோரக் காவல் படை படகுகளையும் இயந்திரங்களையும் பறிமுதல் செய்தது. 2018 ஜனவரி இறுதியில் ஒரு கெட் ந்தார் இளைஞர் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். கொதித்தெழுந்த மக்கள் செயின்ட் லூயியில் இருந்த மொரிட்டானியரின் கடைகளைச் சூறையாடினர். அதே ஆண்டு ஜூலையில் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்து, செனகல் படகுகளுக்கு 400 உரிமங்கள் வழங்க இசைந்தன. உரிமம் சிறுமீன் பிடிக்கும் சுருக்குவலைப் படகுகளுக்கே உரியது. தூண்டிலும் சிறுவலையும் கொண்டு பிழைப்போருக்கு அதனால் பயன் இல்லை.

வடக்கே வழி அடைபட்டதால் பலர் தெற்கே கயார், ம்பூர், ஜோவால் போன்ற ஊர்களுக்குப் பருவந்தோறும் சென்றனர். அங்கும் போட்டி எழுந்தது. கயாரில் ஊர் மீனவர்கள் நாளொன்றுக்கு இறக்கும் மீனுக்குத் தாங்களே வரம்பு விதித்துக்கொண்டவர்கள். அவர்களுக்கும் கெட் ந்தாரிலிருந்து வந்து தங்கியோருக்கும் வலை வகையை முன்னிட்டுக் கைகலப்புகள் நேர்ந்தன. வறுமை, மீனவனை மீனவனுக்கே பகையாக்கியது.

பெண்களும் கருவாடும்

ஆண்கள் கடலுக்குப் போக, கரைக்கு வந்த மீன் பெண்களின் பொறுப்பு. விற்பதும் பதப்படுத்துவதும் அவர்களே. பெரிய மீனைப் புளிக்கவைத்து உப்பிட்டு உலர்த்தினால் 'கெஜ்'. யாபோய் மீனை நெருப்பில் வாட்டித் தோலுரித்து உப்பிட்டுக் காயவைத்தால் 'கெச்சாக்'. இக்கருவாடு செனகலின் உள்நாட்டுக் கிராமங்களுக்கும், மாலி, புர்க்கினா ஃபாசோ போன்ற கடலில்லாத நாடுகளுக்கும் செல்கிறது. இறைச்சி வாங்க வசதியில்லாத இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இதுவே புரதம்.

பெண்கள் தமக்குள் சீட்டுப் போன்ற சேமிப்புக் குழுக்களை நடத்துகின்றனர். வாரந்தோறும் ஆளுக்குச் சிறு தொகை போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வர். படகுக்கு எரிபொருள் வாங்கவும், மகனுக்கு இயந்திரம் வாங்கவும், வீட்டில் சாவு, திருமணம் நேர்ந்தால் செலவிடவும் இந்தப் பணமே கைகொடுக்கும். ஆகவே பெண்களின் வருமானம் துணை வருமானம் அன்று. படகுத் தொழிலின் முதலீடே அதுதான்.

2010க்குப் பிறகு மொரிட்டானியா, செனகல், காம்பியா ஆகிய மூன்று நாடுகளின் கடற்கரைகளிலும் மீன்தூள் ஆலைகள் பெருகின. ஒரு கிலோ மீன்தூள் செய்ய நான்கு முதல் ஐந்து கிலோ பச்சை மீன் தேவை. அத்தூள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உள்ள வளர்ப்பு மீன்களுக்கும் கால்நடைகளுக்கும் தீனியாகிறது. ஆலைகள் பெருமளவில் ரொக்கம் கொடுத்து வாங்குவதால் கருவாட்டுப் பெண்கள் அவ்விலைக்குப் போட்டியிட முடிவதில்லை. ஆண்டுதோறும் மூன்று கோடியே முப்பது இலட்சம் பேருக்கு உணவாகக்கூடிய, 5,00,000 டன்னுக்கும் மேற்பட்ட மீன் இவ்வாறு தூளாகிறது என்று 2021இல் கிரீன்பீஸ் ஆப்பிரிக்கா அமைப்பும் சேஞ்சிங் மார்க்கெட்ஸ் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது.

இங்கு ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆலைக்கு மீன் விற்பவர்களில் கெட் ந்தார் படகோட்டிகளும் உண்டு. எரிபொருள் கடனில் இருப்பவர், உடனே பணம் தரும் ஆலையை மறுப்பது எளிதன்று. ஒரே வீட்டில் கணவனின் படகு ஆலைக்கு மீன் இறக்க, மனைவியின் உலர்த்தும் மேடை வெறுமையாகக் கிடக்கும் நிலை இப்படித்தான் உண்டாயிற்று.

2003: நான்கு மீட்டர் கால்வாய்

இதுவரை கூறியவை கடலில் நேர்ந்த இழப்புகள். நிலத்தின் இழப்பு 2003 அக்டோபரில் வேகம் பெற்றது. அவ்வாண்டு பெருமழையால் செனகல் ஆறு நிரம்பி, செயின்ட் லூயி நகரம் மூழ்கும் நிலை வந்தது. வெள்ளத்தை விரைந்து வடிக்க, நகருக்குத் தெற்கே சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் மணல்திட்டின் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அதன் அகலம் வெறும் 4 மீட்டர். திட்டமிட்டபடியே ஆற்று நீர் கடலில் பாய்ந்தது, நகரம் தப்பியது.

ஆனால் கால்வாய் நிற்கவில்லை. சில நாள்களிலேயே அது 200 மீட்டருக்கு மேல் அகன்றது. பின் ஆண்டுகளில் கிலோமீட்டர் கணக்கில் விரிந்து தெற்கே நகர்ந்தது. பழைய முகத்துவாரம் மணலால் அடைபட, இந்த வெட்டே ஆற்றின் புதிய முகத்துவாரமாயிற்று. கடல்நீர் உள்ளே புகுந்ததால் காந்தியோல் பகுதியின் கிணறுகளும் காய்கறித் தோட்டங்களும் உவர்ப்பாயின. திட்டின் மறைவில் பாதுகாப்பாக இருந்த தூன் பாபா தியே என்ற கிராமம் அலைகளுக்கு நேரெதிரே வந்து அழிந்தது. அதன் மக்கள் உள்நிலத்துக்குச் சென்று குடியேறினர்.

மீனவர்களுக்கு இது புதியதோர் ஆபத்தைக் கொண்டுவந்தது. புதிய முகத்துவாரத்தின் மணல்மேடு நிலையாக இருப்பதில்லை. இன்று ஆழமாக இருக்கும் இடம் நாளை மேடாகிவிடும். ஒரு காலத்தில் பிறருக்கு வழிகாட்டிய பரம்பரையினர், தம் ஊர் வாசலிலேயே படகு கவிழ்ந்து உயிரிழக்கலாயினர்.

வீடுகளை விழுங்கும் அலை

கடல்மட்ட உயர்வும் கரை அரிப்பும் சேர்ந்து கெட் ந்தாரின் முதல் வரிசை வீடுகளைத் தாக்கின. 2017 ஆகஸ்டிலும் 2018 பிப்ரவரியிலும் எழுந்த பேரலைகள் பல வீடுகளை இடித்தன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்து, உள்நிலத்தில் அமைக்கப்பட்ட தற்காலிக முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. 2018இல் உலக வங்கி நிதியுதவியுடன் ஒரு மறுவாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. கடலோரமாக 20 மீட்டர் அகலத்துக்கு வீடுகளை அகற்றிவிட்டு, அங்கிருப்போரைக் கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜூகோப் என்னும் இடத்தில் கட்டப்படும் வீடுகளில் குடியமர்த்துவது அதன் நோக்கம். கரையைக் காக்கக் கற்சுவரும் எழுப்பப்பட்டது.

புதிய வீடு பாதுகாப்பானது. இட நெருக்கடியும் இல்லை. ஆனால் மீனவன் காற்றையும் அலையையும் பார்த்துத்தான் எப்போது புறப்படுவது என்று முடிவு செய்கிறான். நள்ளிரவில் படகு இறக்க வேண்டியவன் பல கிலோமீட்டர் தாண்டி வர வாகனச் செலவு எங்கிருந்து வரும்? படகையும் இயந்திரத்தையும் யார் காவல் காப்பது? பெண்களுக்கு மீன் இறங்கும் துறையும் உலர்த்தும் மேடையும் எட்டிப்போயின. எனவே குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. முதியோரும் சிறுவரும் புதிய குடியிருப்பில் இருக்க, உழைப்போர் பழைய ஊரில் உறவினர் வீடுகளில் ஒண்டிக்கொண்டனர். மக்களை அலையிலிருந்து காப்பாற்றும்போது அவர்களின் தொழிலையும் உடன் கொண்டு செல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இது ஒரு பாடம்.

கடலடி எரிவாயு

2015இல் செனகல்-மொரிட்டானியா கடல் எல்லையில், செயின்ட் லூயிக்கு எதிரே, ஆழ்கடலில் பெருமளவு இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. 'கிரேட்டர் டோர்ட்யூ அக்மெயிம்' எனப்படும் இத்திட்டத்தை பி.பி., காஸ்மாஸ் எனர்ஜி ஆகிய நிறுவனங்கள் இரு நாட்டு அரசு நிறுவனங்களுடன் சேர்ந்து நடத்துகின்றன. கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் அலைதடுப்புச் சுவரும் எரிவாயுவைத் திரவமாக்கும் நிலையமும் அமைக்கப்பட்டுள்ளன. 2025 ஏப்ரலில் முதல் ஏற்றுமதிக் கப்பல் புறப்பட்டது.

கட்டுமானங்களைச் சுற்றிப் படகுகள் நெருங்கத் தடை உண்டு. அந்தத் தடைப்பகுதி கடலின் பரப்போடு ஒப்பிட்டால் சிறியதே. ஆயினும் 'தியாத்தரா' என்று தாங்கள் அழைக்கும் மீன் மிகுந்த பாறைப்பகுதி அதற்குள் அகப்பட்டுவிட்டது என்பது மீனவர்களின் குறை. செயற்கைப் பாறைகள், பயிற்சி, வேலைவாய்ப்பு ஆகியவை பற்றிய வாக்குறுதிகள் தரப்பட்டன. வடக்கே எல்லை, கிழக்கே உடையும் கரை, மேற்கே எரிவாயு நிலையம் என்று கடல் தங்களுக்குச் சுருங்கி வருவதாக ஊரார் கருதுகின்றனர்.

பள்ளியும் படகும்

கெட் ந்தாரில் சிறுவர்கள் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தாலும் பலர் இடையிலேயே நின்றுவிடுகின்றனர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் படகில் ஏறினால்தான் அலையைப் படிக்கக் கற்க முடியும் என்பது பெரியோரின் எண்ணம். பள்ளிப் பாடம் பிரெஞ்சு மொழியில். வீட்டில் பேசுவது வொலோஃப். தந்தையின் தொழில் வளமாக இருந்தவரை இதனால் குறையொன்றும் தெரியவில்லை. தொழில் தளர்ந்தபோது, கடலைத் தவிர வேறு எதுவும் கற்காத ஒரு தலைமுறை கையறு நிலையில் நின்றது.

கேனரித் தீவுகளை நோக்கி

அவ்விளைஞர்களிடம் இரண்டு இருந்தன: ஒரு பெரிய படகு, அதை ஓட்டும் திறமை. 2006ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து 31,000க்கும் மேற்பட்டோர் மீன்பிடிப் படகுகளில் ஸ்பெயின் நாட்டுக்குரிய கேனரித் தீவுகளை அடைந்தனர். 'பார்சா வாலா பர்சாக்' என்ற தொடர் அப்போது செனகல் எங்கும் ஒலித்தது. பார்சிலோனா, இல்லையேல் மறுமை என்பது அதன் பொருள். சூடை மீன் பிடிக்கக் கட்டிய நீண்ட படகுகளே பயணிகளைச் சுமந்தன. வேலையிழந்த மீனவர்கள் வழியறிந்த மாலுமிகளாயினர்.

கண்காணிப்பு கடுமையானதும் எண்ணிக்கை குறைந்தது. பின்னர் மீண்டும் ஏறியது. 2023இல் கேனரித் தீவுகளை அடைந்தோர் 39,910 பேர். 2024இல் 46,843 பேர். இவர்கள் செனகலிலிருந்து மட்டுமன்றிப் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். கரை சேராதவர்களுக்கு முழுமையான கணக்கு இல்லை. 2023 ஜூலையில் ஃபாஸ் போய் என்ற செனகல் மீனவ ஊரிலிருந்து நூறு பேர் அளவில் ஏறிச் சென்ற படகு ஒரு மாதத்துக்கு மேல் கடலில் மிதந்து, ஆகஸ்டில் கேப் வெர்டே தீவுகளுக்கருகே கண்டெடுக்கப்பட்டது. உயிருடன் இருந்தவர்கள் 38 பேர் மட்டுமே.

முடிவுரை

கெட் ந்தாரின் வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். இம்மக்களின் துன்பம் ஒரே நாளில், ஒரே காரணத்தால் வந்ததன்று. இயந்திரமும் சுருக்குவலையும் பசி போக்க வந்தவை. கப்பல் ஒப்பந்தங்கள் அரசின் கடனைத் தீர்க்க வந்தவை. கால்வாய் ஒரு நகரை வெள்ளத்திலிருந்து காக்க வெட்டப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நியாயம் இருந்தது. ஆனால் அவற்றின் விலையை ஒவ்வொரு முறையும் செலுத்தியவர்கள், முடிவெடுத்த அவையில் இடம்பெறாத மீனவர்களே.

அதே மக்கள் எதிர்த்துப் போராடியதால் பயனும் விளைந்துள்ளது. 2012இல் உரிமங்கள் நீக்கப்பட்டதும், 2024 மே மாதத்தில் செனகல் கடலில் மீன்பிடிக்க உரிமம் பெற்ற கப்பல்களின் பட்டியலை அரசு முதன்முறையாக வெளியிட்டதும் மீனவர் அமைப்புகளின் நெடுநாள் கோரிக்கையின் பலன்களே. யாருடைய கப்பல் தம் கடலில் ஓடுகிறது என்று கேட்டறியும் உரிமை அவ்வளவு தாமதமாகத்தான் அவர்களுக்குக் கிடைத்தது. மீன் எவ்வளவு எஞ்சியுள்ளது, அதில் ஆலைக்கு எவ்வளவு, அடுப்புக்கு எவ்வளவு என்னும் கேள்விகளுக்கு இனிமேல்தான் விடை காண வேண்டும். அதுவரை ஒவ்வொரு மாலையும் கெட் ந்தார் கரையில் வண்ணப் படகுகள் அலையைக் கிழித்துக்கொண்டு புறப்படுகின்றன. மீனோடு திரும்பும் படகுகளுக்காகப் பெண்கள் மணலில் காத்திருக்கின்றனர்.